‘எனக்கும் பிடிக்காது’ என்பதற்கு ஆங்கிலம் என்ன?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒருவர் ‘ஐ டோன்ட் லைக் காபி’ என்றால், அதற்கு உடன்படுவோர் ‘நைதர் டூ ஐ’ என்றே சொல்ல வேண்டும் என்றும், ‘மீ நைதர்’ பிழை என்றும் தங்கள் இதழின் ஆங்கிலப் பயிற்சிப் பகுதியில் படித்தேன். நெடுங்காலம் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க இயலவில்லை.

‘மீ நைதர்’ பேச்சு வழக்குதான். விண்ணப்பத்திலும் கட்டுரையிலும் அதற்கு இடமில்லை. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் நண்பர்களிடம் நாள்தோறும் சொல்வது அதைத்தான். ‘நைதர் டூ ஐ’ என்பதற்கோ, எதிரில் பேசுபவரின் துணைவினையைக் கவனித்து, ‘ஐ ஹேவன்ட் சீன் இட்’ என்றால் ‘நைதர் ஹேவ் ஐ’ என்றும், ‘ஐ கான்ட் ஸ்விம்’ என்றால் ‘நைதர் கேன் ஐ’ என்றும் நொடியில் மாற்றி, அதை எழுவாய்க்கு முன்னால் வைக்க வேண்டும். பேசத் தொடங்கும் மாணவர் அங்கேயே திணறி நின்றுவிடுகிறார். மேலும், ‘இட் டஸன்ட் பாதர் மீ’ என்று ஒருவர் சொல்லும்போது ‘நைதர் டூ ஐ’ பொருந்தவே பொருந்தாது. ‘மீ நைதர்’ இயல்பாகப் பொருந்தும். அமெரிக்கர் பலர் ‘மீ ஐதர்’ என்பார்கள். அதைப் பிழை என்போர் இருப்பதால் நம் மாணவர்கள் அதைச் சொல்ல வேண்டாம், காதில் விழுந்தால் புரிந்துகொண்டால் போதும்.

அப்பகுதி தொடாமல் விட்டது இன்னொன்று. நம் மாணவர்கள் இத்தகைய இடங்களில் ‘மீ டூ’ என்று சொல்வது கவனக்குறைவால் அன்று. ‘எனக்குப் பிடிக்கும்’ என்றாலும், ‘எனக்குப் பிடிக்காது’ என்றாலும், தமிழில் ‘எனக்கும்’ என்ற ஒரே சொல்லால் உடன்பட்டுவிடலாம். நம் ‘உம்’ செய்யும் இவ்விரு வேலைகளுக்கும் ஆங்கிலம் தனித்தனிச் சொற்களை வைத்திருக்கிறது என்பதை முதலில் சொல்லாமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்வதில் பயனில்லை.

‘யெஸ்’, ‘நோ’ விஷயத்திலும் இதே இடறல்தான். ‘நீ சாப்பிடவில்லையா?’ என்றால் ‘ஆமாம், சாப்பிடவில்லை’ என்கிறோம். கேட்டவரின் கூற்றோடு நாம் உடன்படுகிறோம். ஜப்பானியரும் கொரியரும் இவ்வாறே சொல்கிறார்கள். ஆங்கிலத்திலோ சாப்பிடாதவர் ‘நோ’ என்றே சொல்ல வேண்டும். என் மாணவர் ஒருவர் நேர்முகத் தேர்வில், ‘யூ டோன்ட் ஹேவ் எனி எக்ஸ்பீரியன்ஸ்?’ என்ற கேள்விக்கு ‘யெஸ் சார்’ என்று நேர்மையாகத்தான் பதில் சொன்னார். அனுபவம் இருப்பதாக எடுத்துக்கொண்டு அவர்கள் அடுத்தடுத்துக் கேட்க, அவர் கலங்கிப்போனார். ஒரு காலத்தில் ஆங்கிலமே எதிர்மறைக் கேள்விகளுக்கு ‘யெஸ்’, ‘நோ’ என்றும், மற்றவற்றுக்கு ‘யே’, ‘நே’ என்றும் பிரித்து வைத்திருந்த மொழிதான். அந்த வேறுபாட்டை விவிலிய மொழிபெயர்ப்பில் பிழைபடக் கையாண்டதாக வில்லியம் டிண்டேலை 16ஆம் நூற்றாண்டில் ஆங்கில அறிஞர் தாமஸ் மோர் கண்டித்தார்.

அடுத்த பகுதியில் ‘மீ நைதர்’ பற்றிய குறிப்பைத் திருத்தி, ‘உம்’, ‘ஆமாம்’ ஆகியவற்றுக்கும் ஆங்கில வழக்குக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் எடுத்துக்காட்டுகளுடன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
மன்னார்குடி.