கடைசி நேரத்து ஓட்டு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. பேத்திக்கு மொட்டை போட்டுக் காது குத்திய சேதியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே சாந்திக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடி ஏறுவதை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

சரி, ஹாங்காங் விஷயத்துக்கு வருகிறேன். "நூற்றைம்பது வருஷம் ஆண்டுவிட்டு, 1997இல் சீனாவிடம் ஒப்படைத்து மூட்டை கட்டும்போதுதான் பிரிட்டனுக்கு ஜனநாயக ஞாபகம் வந்ததா?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கோபம்தான். 1946இலேயே ஆளுநர் மார்க் யங் ஒரு சீர்திருத்தத் திட்டம் போட்டார். 1952இல் அதைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள். 1985 வரை சட்டமன்றத்தில் அதிகாரிகளும் நியமன உறுப்பினர்களும்தான். மக்கள் முதன்முதலாக நேரடியாக ஓட்டுப் போட்டது 1991இல், அதுவும் 18 இடங்களுக்கு. அந்தப் பழியை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் 1992இல் கடைசி ஆளுநராக வந்த கிறிஸ் பேட்டன் செய்ததையும் அதே கணக்கில் தள்ள எனக்கு மனம் வரவில்லை. நேரடித் தேர்தலுக்கு 20, தொழில்வாரித் தொகுதிகளுக்கு (அந்தந்தத் தொழிலைச் சேர்ந்தவர்கள் மட்டும் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் இடங்கள்) 30, தேர்தல் குழு ஒன்று தேர்ந்தெடுக்க 10 என்று சட்டமன்றத்தின் 60 இடங்களையும் சீனா 1990இலேயே சட்டத்தில் பிரித்து வைத்துவிட்டது. பேட்டன் அந்த எண்களைத் தொடவில்லை. யாருக்கு ஓட்டு என்பதைத்தான் மாற்றினார். அதுவரை சில தொழில்வாரித் தொகுதிகளில் ஓட்டு கம்பெனிக்குத்தான், ஊழியனுக்கு இல்லை. அதைத் தனிநபர் ஓட்டாக்கினார். அதோடு புதிதாக 9 தொகுதிகள் உண்டாக்கி, வேலை பார்க்கும் சுமார் 27 லட்சம் பேருக்கும் வழி திறந்தார். ஹோட்டல் சமையல்காரர், லாரி டிரைவர், ஆயத்த ஆடை தைக்கும் பெண் என்று யாராக இருந்தாலும், வட்டாரத்துக்கு ஓர் ஓட்டு, தொழிலுக்கு ஓர் ஓட்டு. வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18 ஆனது. சட்டத்தில் எழுதியிருந்ததற்குள் நின்றே இவ்வளவு செய்தார் பார், அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

பெய்ஜிங் கொதித்துப் போனது. ஹாங்காங் விவகாரத்தைக் கவனித்த சீன அதிகாரி லூ பிங், பேட்டனை ஆயிரமாண்டுப் பாவி என்றே சபித்தார். 1993இல் 17 சுற்றுப் பேசியும் ஒன்றும் நடக்கவில்லை. பெரிய தொழிலதிபர்களும் எதிர்ப்பு. 1994 ஜூன் கடைசியில் சட்டமன்றம் விடிய விடிய விவாதித்தது. திட்டத்தை நீர்த்துப் போகவைக்கும் திருத்தம் ஒரே ஓட்டில் தோற்றது. ஒரே ஓட்டு, சேகர்!

1995 செப்டம்பரில், நியமன உறுப்பினரோ அதிகாரியோ இல்லாத முதல் சட்டமன்றம் வந்தது. மார்ட்டின் லீயின் ஜனநாயகக் கட்சிக்கு 19 இடங்கள். ஜெயித்தவர்கள் 1997ஐத் தாண்டியும் தொடரலாம் என்றிருந்த ஏற்பாட்டைச் சீனா ரத்து செய்தது. 400 பேர் கொண்ட குழு தேர்ந்தெடுத்த தற்காலிகச் சட்டமன்றம் எல்லைக்கு அப்பால் சீன நகரமான ஷென்ஜெனில் கூடியது. பேட்டன் சும்மா இருந்திருந்தால் 1995 சபை பிழைத்திருக்கும் என்று அப்போதே சொன்னார்கள். பிழைத்திருக்கலாம். கம்பெனிகள் பொறுக்கி எடுத்த சபை பிழைத்து சமையல்காரருக்கு என்ன லாபம்?

1997 ஜூலை 1, நள்ளிரவு தாண்டியதும் பதவி பறிபோன உறுப்பினர்கள் சட்டமன்றக் கட்டடத்தின் பால்கனியில் நின்று, கீழே திரண்டிருந்த கூட்டத்திடம் பேசினார்கள். அப்புறம் 1998 மே மாதம் தேர்தல். தொழில்வாரித் தொகுதிகளைப் பழையபடி சுருக்கி, கம்பெனி ஓட்டையும் திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள். அன்றைக்கு அடைமழை வேறு. 1995இல் 36 சதவீதத்தைக்கூடத் தொடாத வாக்குப்பதிவு, அந்த மழையில் 53 சதவீதம் ஆனது. மார்ட்டின் லீ மறுபடி ஜெயித்தார். தாமதமாக வந்த ஓட்டு என்கிறாயே, அதை அந்த ஜனங்கள் எவ்வளவு இறுகப் பிடித்துக்கொண்டார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

தையில் ஊருக்கு வருவதாக எழுதியிருந்தாயே, தேதி முடிவானதும் சொல். இதில் உனக்கு இன்னும் மறுப்பு இருந்தால் அதற்கு முன்பே எழுது.

அன்புடன்,
மணி