தங்கம் பூசிய பிளாஸ்டிக் சாவி

ஆசிரியருக்கு வணக்கம்.

'படக்கதைதானே' என்று பெற்றோர் பலர் ஒதுக்கிவிடும் வடிவத்தில் வந்த புத்தகம், ஈரானில் வளர்ந்த மர்ஜான் சத்ரபி தன் கதையையே வரைந்து எழுதிய 'பெர்சபோலிஸ்'. வரலாறு நடத்தும் எனக்கு மன்னராட்சி போய் மதத் தலைவர்களின் ஆட்சி வந்த 1979 ஈரான் புரட்சியை இவ்வளவு நெருக்கத்தில் காட்டியது வேறில்லை. 1980இல் பள்ளியில் முக்காடு போடச் சொன்னதும், பத்து வயதுச் சிறுமிகள் அதையே கயிறாக்கி ஸ்கிப்பிங் ஆடுகிறார்கள்.

அப்புறம் ஈராக்குடன் எட்டாண்டுப் போர். ஏழைப் பையன்களின் கையில் தங்க வண்ணம் பூசிய பிளாஸ்டிக் சாவியைக் கொடுத்து, போரில் இறந்தால் சொர்க்கம் திறக்கும் என்கிறார்கள். அந்தப் பக்கத்தைத் தாண்ட என்னால் முடியவில்லை. என் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பதும் அதே வயதுப் பையன்கள்தானே!

மேல்நிலைப் பள்ளி நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும்போது கல்வித் துறை இதையும் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

- வரலாற்று ஆசிரியை, தஞ்சாவூர்