கோவாவுக்கு ஐ.வி. அழைத்துச் செல்லும் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களே,

நம் பொறியியல் கல்லூரிகளில் ஐ.வி. (இண்டஸ்ட்ரியல் விசிட், அதாவது தொழிற்சாலைப் பார்வை) என்றாலே கோவாதான். தொழிற்சாலைக்கு அரை மணி, மிச்சமெல்லாம் கடற்கரைக்கு என்பது வீட்டில் பணம் கொடுத்தவர்களுக்கும் தெரியும். அதில் எனக்குப் புகார் இல்லை. அகுவாடா கோட்டையில் படம் எடுத்து முடித்ததும் பஸ்ஸை ரெய்ஸ் மாகோஸ் கோட்டைக்கும் விடச் சொல்லுங்கள். சிவில், ஆர்க்கிடெக்சர் துறையினர் கட்டாயம் சொல்லுங்கள்.

பனாஜிக்கு எதிர்க்கரை. மாண்டவி ஆறு குறுகுகிற இடத்தில் ஒரு மேடு, அதன்மேல் கோட்டை. போர்த்துகீசியர் 1551-இல் கட்டி, 1707-இல் எடுத்துக் கட்டியது. ஒரு காலத்தில் அக்கரையில் காஸ்பர் டயஸ் கோட்டையும் இருந்ததால், ஆற்றுக்குள் நுழையும் கப்பலை இரு பக்கமிருந்தும் அடிக்கலாம். மதிலில் ஏறி நின்றால் பாடம் நடத்தாமலே இது புரிந்துவிடும். பையன்கள் முதலில் பார்ப்பதென்னவோ தூரத்துக் கேசினோ கப்பல்களைத்தான். பார்க்கட்டும்.

பிறகு அது சிறையானது. விடுதலைப் போராளிகளை அங்கே அடைத்தார்கள். 1961-இல் போர்த்துகீசியர் போன பின்னும் 1993 வரை சிறையாகவே இருந்து, அப்புறம் கேட்பாரற்றுக் கிடந்தது. பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு, லண்டனின் ஹெலன் ஹாம்லின் அறக்கட்டளை, கோவா அரசு மூன்றும் சேர்ந்து, கட்டடக் கலைஞர் ஜெரார்டு ட குன்ஹாவைக் கொண்டு சீரமைத்து 2012-இல் திறந்தன. மரியோ மிராண்டாவின் கேலிச்சித்திரங்களுக்கு உள்ளே தனிக்கூடமே உண்டு. திறப்பைப் பார்க்க அவர் இல்லை. முந்தைய டிசம்பரில் காலமாகிவிட்டார்.

சிவில்காரர்கள் நின்று பார்க்கவேண்டியது சுவரை. கல் முழுக்க லேட்டரைட், நம்மூர்ச் செம்புரைக்கல். வெட்டும்போது இளகி இருக்கும், காற்றுப் பட்டு இறுகும். ஆனால் உடம்பெல்லாம் துளை. கோவா மழையை அப்படியே குடிக்கும். குடித்த ஈரம் வெளியேறச் சுண்ணாம்புப் பூச்சு வழிவிடும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிக் கல்லைத் தின்னும். பழைய கோயில் மதில்களில் சிமெண்ட் அப்பிவிட்டு அதைத் திருப்பணி என்று சொல்லும் ஊரிலிருந்து போகிற மாணவர்களுக்கு இதைவிட நல்ல செய்முறை வகுப்பு எங்கே கிடைக்கும்?

கோட்டை வாசலுக்குக் கொஞ்சம் ஏறவேண்டும், வெயிலுக்கு முன்னால் போய்விடுங்கள். ஐ.வி. ரிப்போர்ட்டை இந்த வருடமாவது சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதாமல் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய சிவில் மாணவன்