பித்தளைக் குழாயைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சாவி கொடுத்துப் பாடவைக்கும் பழைய கிராமபோன் வாங்கும் ஆசை பலருக்கு வந்திருக்கிறது, சந்தோஷம்தான், ஆனால் பளபளக்கும் பித்தளைக் குழாயும் நாய்ப்படமுமாக விற்கப்படுபவற்றில் பல, அலங்காரத்துக்காக அண்மையில் செய்து சேர்த்தவை. பாட்டு கேட்கத்தான் என்றால் 1930களில் வந்த எச்.எம்.வி. நிறுவனத்தின் 102 போன்ற, குழாய் வெளியே தெரியாத பெட்டி வகையைத் தேடுங்கள்.

நான் வாங்கியதில் மோட்டார் சரியாக ஓடியது, குரல்தான் கரகரத்தது. ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் சவுண்ட் பாக்ஸைப் பிரித்தால், அலுமினியத் தகட்டைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையம் கல்லாக இறுகி, நகம் பட்டதும் பொடிந்தது. புது வளையம் போட்டதும் கணீரென்று பாடுகிறது! மோட்டாரை ஓட்டும் ஸ்பிரிங் இருக்கிற டப்பாவை மட்டும் நீங்களே திறக்காதீர்கள், சுருள் சீறி வெளியே வந்தால் கையைப் பதம் பார்த்துவிடும். அப்புறம் ஊசி. இசைத்தட்டின் ஒரு பக்கம் பாடியதும் மாற்றிவிட வேண்டும், தேய்ந்த இரும்பு ஊசி தட்டின் பள்ளத்தையே அறுத்துவிடும். பின்னாளில் வந்த எல்.பி. என்ற வினைல் தட்டை இதில் வைக்கவே கூடாது, இது நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டுக்கான கருவி.

இந்த வேலை தெரிந்த மெக்கானிக்குகளைப் பற்றி ஊர்வாரியாக உங்கள் நாளிதழ் எழுதினால் எங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

வாசகர், மதுரை