கை துவண்டால் ஊசிப் பரிசோதனை எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பைக்கிலிருந்து விழுந்து, கழுத்தடி நரம்புகள் இழுபட்டு, கை துவண்டுபோன இளைஞர்கள் வள்ளியூர், நாங்குநேரி, அம்பாசமுத்திரம் பக்கமிருந்து வருகிறார்கள். எலும்பு முறியவில்லை என்றதும் எண்ணெய் போட்டு நீவி, மாதக்கணக்கில் காத்திருந்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் விபத்து நடந்த வாரமே, தசைக்குள் மெல்லிய ஊசி வைத்து அதன் மின்துடிப்பைப் பார்க்கும் ஊசிப் பரிசோதனைக்கு ஓடுகிறார்கள். இரண்டுமே கெடுதல்.

அறுந்த நரம்பின் கீழ்த்துண்டு சில நாட்களுக்குக் கரண்டு வைத்தால் நல்ல நரம்பைப் போலவே துடிக்கும். தசைக்குள் ஊசியில் பழுது தெரிய 3 வாரமாவது ஆகும். எனவே 3, 4 வாரத்தில் ஒரு பரிசோதனை, 3 மாதத்தில் மறுபடி ஒன்று. அப்போதும் அசைவு திரும்பவில்லையென்றால் 6 மாதத்துக்குள் நரம்பு மாற்று அறுவை (வேலை செய்யும் வேறொரு நரம்பைச் செயலிழந்த தசைக்குத் திருப்பிவிடுவது) முடிந்துவிட வேண்டும். ஓராண்டு தாண்டினால் நரம்பு வந்து சேர்ந்தாலும் தசை ஏற்பது கடினம்.

மரத்த கையில் கரண்டு வைத்துப் பார்க்கும்போது உணர்வு நரம்பு மட்டும் ‘நார்மல்’ என்று வந்தால் மகிழ வேண்டாம். தண்டுவடத்திலிருந்தே வேர் பிடுங்கப்பட்டிருக்கலாம் என்பதற்கான அடையாளம் அது. அந்த வேர் தானாக ஒட்டாது.

நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். கழுத்திலிருந்து, முழங்கையை மடக்கும் புஜத் தசைக்கு வர ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும். அதனால்தான் சுண்டுவிரல் பக்கம் போகும் அல்நார் நரம்பிலிருந்து ஒரு இழைக்கற்றையைப் பிரித்து, புஜத்துக்குப் பக்கத்திலேயே இணைக்கிறார்கள். பீடி சுற்றும் விரல் போய்விடுமோ என்று பயப்படுகிறார்கள். பெரும்பாலும் சில காலம் மதமதப்பு இருக்கும், அவ்வளவுதான்.

இந்த அறுவைக்குப் பிறகுதான் பெரிய தவறு நடக்கிறது. முழங்கையை மடக்கும் கட்டளை இனி விரலை இறுக்கும் நரம்பு வழியாகத்தான் போகும். துணிச்சுருளை இறுகப் பிடித்தபடியே முழங்கையை மடக்கிப் பழக வேண்டும். அல்நாருக்குப் பதில் விலா நரம்பை எடுத்திருந்தால் மூச்சை நன்றாக இழுத்தபடி மடக்க வேண்டும். ஊசிப் பரிசோதனையிலும் அப்படியே செய்யச் சொல்ல வேண்டும். எந்த நரம்பு மாற்றப்பட்டது என்று தெரியாமல் ‘மடக்கு’ என்று மட்டும் சொன்னால், 4ஆம் மாதத்தில் முளைத்திருக்கும் சிறு துடிப்புகள் தப்பிப்போய், ‘முன்னேற்றம் இல்லை’ என்று அறிக்கை வந்துவிடும். அதைப் படித்துப் பயிற்சியையே விட்டுவிடுகிறார்கள். கண்ணுக்கு அசைவு தெரிவதற்கு முன்பே ஊசியில் துடிப்பு தெரியும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டில் எடுத்த நரம்பு, சேர்த்த தசை, அடுத்த பரிசோதனைத் தேதி மூன்றையும் தமிழில் எழுதித் தர மருத்துவமனைகள் முன்வர வேண்டும். நோயாளிகள் அந்தச் சீட்டோடு, கையில் எண்ணெய் தடவாமல் வரட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவோர் முன்கூட்டியே சொல்லட்டும்.

இப்படிக்கு,
நரம்பு மின்பரிசோதனைப் பணியாளர்கள்,
பாளையங்கோட்டை.