தலைக்கு எண்ணெய் வை பாப்பா

பாப்பா,

அப்பா ஃபோன்ல இருந்து அடிக்கிறேன், தப்பு இருந்தா சிரிக்காதே. நீ அனுப்பின பை வந்துச்சு. பிரிச்சா ரெண்டு காகில்ஸ், தொப்பி, அந்த நீல ரேஸ் சூட், துண்டு வரைக்கும் எல்லாம் இருக்கு. மும்பை ரூம்ல வைக்க இடமில்லன்னு அனுப்பியிருப்பே, நான் ஒண்ணும் கேக்கல. தொப்பிக்குள்ள பவுடர் போட்டு வச்சிருக்கேன், இல்லேன்னா ஒட்டிக்கும்னு நீதான் சொல்லுவே. குளோரின் இல்லாட்டியும் தலைக்கு எண்ணெய் வை.

பாரா நீச்சல்ல உன் கிளாஸ எஸ்9ல இருந்து எஸ்10க்கு மாத்திட்டாங்கன்னு உங்கப்பா கீழ் வீட்டு ஆன்ட்டிகிட்ட உளறிட்டாரு. அவங்க உடனே "ஓ, ப்ரமோஷனா"ங்கறாங்க. நம்பர் ஏற ஏற ஊனம் கம்மின்னு அர்த்தம், பத்துக்கு மேல கை கால் கேஸுக்கு கிளாஸே கிடையாது, நேத்து ஜெயிச்ச டைமிங் அங்க ஃபைனலுக்கே பத்தாதுன்னு படிக்கட்டுல நின்னு எவ்வளவுதான் விளக்கறது? "அப்ப கால் சரியாயிடுச்சு, சந்தோஷப்படுங்க"ன்னுட்டுப் போயிட்டாங்க. அந்த ஊசிக்கு அப்புறம் இந்தக் கால் சரியாகணும்னு நான் ஏறாத கோயில் இல்ல, சிவாஜிநகர் மாதா கோயில்ல கூட மெழுகுவத்தி ஏத்தினேன். இப்ப எவனோ டேபிள்ல படுக்க வச்சு கணுக்காலைத் தள்ளிப் பாத்து, தண்ணில விட்டுப் பாத்து, பரவால்ல இந்தக் கால்னு எழுதிட்டான்னா எனக்கு வயிறு எரியுது. படி இறங்கறப்ப பாதம் தொங்கி செருப்பு கழண்டு விழுமே, அத அவன் பாத்தானா?

நீயும் எது கேட்டாலும் ஒரு "ம்" அனுப்பறே. பசவனகுடி பூல்ல கோச்சையே எதிர்த்துப் பேசினவளுக்கு அம்மாகிட்ட மட்டும் வாய் வராது. சாப்பிடறியா? எண்ணெய் வைக்கறியா?

முரளிகாந்த் பேட்கர் டைமிங் 37.33 செகண்டுன்னு அலமாரி கதவுல பென்சில்ல எழுதினியே, பெயின்டர் வந்தப்ப அந்தக் கதவ மட்டும் விட்டுடச் சொன்னேன். 65 சண்டைல குண்டடி பட்டு, 68 டெல் அவிவ் பாராலிம்பிக்ஸ்ல டேபிள் டென்னிஸ் ஆடிட்டு, 72ல ஹைடெல்பர்க்ல நீச்சல்ல தங்கம் அடிச்சாரே, அவருக்கு பத்மஸ்ரீ வந்தது 2018லதான். அவரு காத்திருந்தாருன்னு உன்னையும் காத்திருன்னு நான் சொல்ல வரல. விட்டுடுன்னும் சொல்லல. எதுன்னாலும் கீழ் வீட்டுக்காரங்க சொல்லித் தெரிய வேணாம், நீ சொல்லு.

கிளாஸ் மாத்தினத எதிர்த்து ப்ரொடெஸ்ட் பண்ணலாமாமே, அதுக்குப் பணம் கட்டணும்னா கேளு. சீட்டு எடுத்தது அப்படியே இருக்கு. அத்தைக்குத் தெரிய வேணாம்.

அம்மா