மாடிப்படி ஒரு தடையே இல்லையாமே!

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், படித்துக்கொண்டே சம்பாதிப்பது எப்படி என்ற கட்டுரையைப் படித்தேன். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென்று தனியாகப் பெட்டிச் செய்தி போட்டு, 'மன உறுதி உள்ளவர்களுக்கு மாடிப்படி ஒரு தடையே இல்லை' என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். அவருடைய அலுவலகத்தில் லிஃப்ட் நன்றாக வேலை செய்கிறது போலிருக்கிறது. சந்தோஷம்.

எனக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காது. திருச்சியில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மாலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆன்லைன் விண்ணப்பம் பதிந்து கொடுக்கிறேன். வகுப்பு இரண்டாவது மாடியில். ஏறும்போது கைப்பிடி இடது பக்கம் இருப்பதால் எப்படியோ ஏறிவிடுவேன். இறங்கும்போது அதே கைப்பிடி வலது பக்கம் வந்துவிடும். அந்தக் கையால் பிடிக்க முடியாது. அதனால் பின்பக்கமாகத் திரும்பி, காலிப்பர் என்கிற தாங்குகருவி போட்ட காலை ஒவ்வொரு படியாகத் தடவி வைத்து இறங்குகிறேன். பின்னால் வருகிறவர்கள் பொறுமையாக நின்றால் உண்டு. மன உறுதியை எந்தக் கையால் பிடித்துக்கொள்வது என்று கட்டுரையாளர் எழுதியிருக்கலாம்.

கல்லூரியில் லிஃப்ட் இல்லாமல் இல்லை. பேராசிரியர்களுக்கு மட்டும் என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றக் கேட்டதற்கு, "உன் ஒருத்திக்காக எல்லாரையும் கீழே இறக்க முடியுமாம்மா?" என்றார் துறைத்தலைவர். அன்பாகத்தான் சொன்னார். திட்டியிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பேன்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. உயர்கல்வியில் 5 சதவீத இடம் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். கட்டடத்தையும் வளாகத்தையும் நாங்கள் வந்துபோகும்படி வைக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. பழைய பொதுக் கட்டடங்களை மாற்றக் கொடுத்த ஐந்தாண்டுக் கெடு 2022லேயே முடிந்துபோனது. அப்புறம் யார் கேட்டார்கள்?

தேர்வுக்கு வருவோம். மணிக்கு 20 நிமிடம் வீதம், மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக உண்டு. சலுகை என்கிறார்கள். மற்றவர்கள் எழுந்து போனதும் கண்காணிப்பாளர் ஒவ்வொரு மின்விசிறியாக அணைத்துக்கொண்டே வருவார். "இன்னும் எவ்வளவும்மா இருக்கு?" என்று கேட்பார். அந்த ஒரு மணி நேரத்துக்குக் கடையில் சம்பளம் பிடிப்பார்கள். ஆனாலும் கடைக்கார அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு கையால் டைப் அடிக்கிறவளுக்கு ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டே இன்னொரு எழுத்தை அடிக்க முடியாது. அவரே யூடியூப் பார்த்து, கீகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினாலே போதும் என்கிற 'ஸ்டிக்கி கீஸ்' வசதியைப் போட்டுக் கொடுத்தார். பத்தாவதுதான் படித்தவர். முனைவர் பட்டம் வாங்கியவர்களுக்கு ஒரு வகுப்பறையைக் கீழே கொண்டுவரத் தெரியவில்லை.

அரசு நகரப் பேருந்தில் 2021 முதல் எங்களுக்கும் இலவசம், நன்றி. ஆனால் நான் நிற்பதைப் பார்த்ததும் ஓட்டுநர் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த்தான் நிறுத்துகிறார். நான் போய்ச் சேர்வதற்குள் வண்டி கிளம்பிவிடும். நின்றாலும் முதல் படி என் முழங்கால் உயரம். சென்னையில் 2024இல் தாழ்தளப் பேருந்து விட்டதைப் படத்தோடு போட்டீர்கள், பார்த்தேன். இங்கே ஷேர் ஆட்டோதான். வேலைக்குப் போகிற ஆட்டோவுக்கே சம்பளத்தில் பாதி போகிறது. காலையில் அரசு மருத்துவமனையில் பிசியோதெரபிக்குப் போனால் வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அதற்கு அபராதம் கட்டுவதும் அதே சம்பளத்தில்தான். நேரத்தைத் திட்டமிடுங்கள் என்று அறிவுரை வேறு!

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பிளஸ் டூ முடிவு வரும்போது கல்லூரி வழிகாட்டி இணைப்பு வெளியிடுகிறீர்கள். கட்டணம், விடுதி, வேலைவாய்ப்பு என்று கட்டம் கட்டமாகப் போடுகிறீர்கள். சாய்தளம் உண்டா, லிஃப்டில் மாணவர்களை ஏற்றுவார்களா என்று இன்னும் ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள். விளம்பரம் தருகிற கல்லூரிகளுக்கும் சேர்த்து.

பெயரை வெளியிட வேண்டாம். எங்கள் துறைத்தலைவர் உங்கள் நீண்டகால வாசகர்.

இப்படிக்கு,
பி.காம். மூன்றாம் ஆண்டு மாணவி,
திருச்சி